யுகுலேலேயின் கழுத்தை உடலோடு இணைக்கும் வழிகள்: புதிதாகச் செய்பவர்களுக்கு ஓர் அறிமுகம்

நான்கு தந்தி கொண்ட, கிட்டாரைப் போன்ற சிறு வாத்தியமான யுகுலேலேயைச் செய்யப் பழகுகிறவர்கள் பக்கப் பட்டைகளை வளைப்பது, மேற்பலகையை இழைப்பது, ஒலித்துளை வெட்டுவது வரை தைரியமாக வந்துவிடுகிறார்கள். கழுத்தை மாட்டும் கட்டத்தில்தான் தயக்கம் வருகிறது. தந்திகளின் இழுவையில் கழுத்து ஒருநாள் பிய்ந்து வந்துவிடுமோ என்பதுதான் பலருடைய பயம். யுகுலேலேயில் கழுத்து பிய்வது அரிது. கழுத்து கோணலாக உட்கார்வதுதான் அடிக்கடி நடப்பது. அதனால் எந்த இணைப்பு அதிக வலுவானது என்று தேடுவதைவிட, எந்த இணைப்பில் சாய்வைச் சரியாக வைக்க முடியும், தவறினால் எதைத் திருத்த முடியும் என்று பார்ப்பதே பலன் தரும்.

முதலில் உறுப்புகளின் பெயர்கள். கழுத்து உடலைத் தொடும் இடத்தில் கீழ்நோக்கி இறங்கும் தடித்த பகுதிக்கு ஹீல் என்று பெயர். குதிகால் போல இருப்பதால் வந்த பெயர். உடலுக்குள்ளே, பக்கப் பட்டைகள் இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு கட்டை ஒட்டப்பட்டிருக்கும். அதை இங்கே உள்கட்டை என்று அழைப்போம். யுகுலேலேயின் சிறிய அளவான சோப்ரானோவுக்கு அது ஏறக்குறைய 50 மி.மீ. அகலம், 25 மி.மீ. தடிமன், உடலின் ஆழத்துக்கு ஏற்ற உயரம் கொண்டதாக இருந்தால் போதும். ஹீலும் உள்கட்டையும் எப்படிப் பிணைகின்றன என்பதில்தான் முறைகள் வேறுபடுகின்றன.

இழுவை உண்மையில் எவ்வளவு?

சோப்ரானோவில் நான்கு தந்திகளும் சேர்ந்து சுமார் 15 கிலோ இழுக்கும். அதைவிடப் பெரிய அளவான டெனரில் அது 20 கிலோவை ஒட்டி வரும். நைலான் தந்தி போட்ட கிளாசிக்கல் கிட்டாரில் 40 கிலோ அளவும், உலோகத் தந்தி கிட்டாரில் 70 கிலோவுக்கு மேலும் இருக்கும். கிட்டார் செய்பவர்களின் அறிவுரைகளை அப்படியே யுகுலேலேக்குப் பொருத்தினால் தேவைக்கு மிஞ்சிய வேலையில் மாட்டிக்கொள்வது இந்த வித்தியாசத்தால்தான்.

20 கிலோ என்பதும் இணைப்பை நேராகப் பிய்க்கும் சுமை அல்ல. தந்திகள் மேற்பலகைக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 10 முதல் 12 மி.மீ. உயரத்தில் ஓடுகின்றன. அதனால் அவை கழுத்தை முன்னோக்கி மடக்கப் பார்க்கும். இணைப்பின் மேல்விளிம்பு கீல்போல நடந்துகொள்ளும். அங்கே மரம் மரத்தை நெருக்கும். ஹீலின் அடிப்பக்கம் உடலை விட்டு விலகப் பார்க்கும். மேல்விளிம்பிலிருந்து 30 மி.மீ. கீழே ஒரே ஒரு போல்ட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 20 கிலோவை 12 ஆல் பெருக்கி 30 ஆல் வகுத்தால், அந்த போல்ட் தாங்க வேண்டியது 8 கிலோ. 6 மி.மீ. போல்ட்டுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. நல்ல பசைக்கும் அப்படித்தான்.

இணைப்பை உடைப்பது தந்தி அல்ல, விபத்து. வாத்தியம் கீழே விழுந்து தலைப்பகுதி தரையில் மோதினால், 25 செ.மீ. நீளக் கழுத்து நெம்புகோலாக மாறி அந்த அடியைப் பன்மடங்காக்கி ஹீலில் இறக்கும். பசையை மட்டும் நம்பாமல் கூடவே ஒரு முளையோ போல்ட்டோ வைப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

வெட்டுமுனை என்னும் சிக்கல்

மரத்தை ஒரு கட்டுக் குழாய்களாக நினைத்துக்கொள்ளுங்கள். குழாய்களின் பக்கவாட்டில் பசை தடவினால் அது நன்றாகப் பிடிக்கும். திறந்த வாய்ப்பக்கத்தில் தடவினால் பசை உள்ளே உறிஞ்சப்பட்டு, இணைப்பில் பசையே இல்லாமல் போய்விடும். கழுத்தின் இழைகள் அதன் நீளவாக்கில் ஓடுவதால், ஹீலில் உடலைப் பார்க்கும் முகம் முழுவதும் இந்த வாய்ப்பக்கம்தான். இதைத்தான் வெட்டுமுனை என்கிறோம். இங்கே சொல்லப்போகும் எல்லா முறைகளும் இந்தக் குறையைச் சுற்றிப் போகும் வெவ்வேறு வழிகள். பசையை மட்டும் தடவி நேராக ஒட்டினால் பிடிக்கவே பிடிக்காது என்று சொல்ல முடியாது. மெல்லிய பசையை முதலில் பூசி, அது உறிஞ்சப்பட 5 நிமிடம் விட்டு, மறுபடி பூசி இறுக்கினால் தந்தி இழுவையைத் தாங்கும். ஆனால் முதல் விழுதலிலேயே தெறித்துவிடும்.

நேர்முக இணைப்பு: முளையும் போல்ட்டும்

ஹீலின் முகத்தையும் உடலையும் தட்டையாக நேருக்கு நேர் முட்டவைப்பதுதான் எளிய வடிவம். அதற்குள் இரண்டு மரமுளைகளைச் செருகி ஒட்டுவது ஒரு வழி. 8 மி.மீ. முளை, உள்கட்டையில் 15 மி.மீ. ஆழம், ஹீலில் 20 மி.மீ. ஆழம் என்று துளை போட்டால், முளையை 33 மி.மீ. நீளத்துக்கு வெட்ட வேண்டும். மிச்சமுள்ள 2 மி.மீ. பசை ஒதுங்குவதற்கு. முளையின் நீளவாக்கில் கீறல் பள்ளம் இருப்பதும் அவசியம். வழவழப்பான முளையை அடித்து இறக்கினால், அடியில் மாட்டிய பசை போக வழியின்றி ஹீலைப் பிளந்துவிடும். குறுகலான ஹீலில் இது நிஜமாகவே நடக்கும்.

முளை முறை மலிவானது, விரைவானது. ஆனால் துளைகளைப் போட்ட கணத்திலேயே கழுத்தின் திசை முடிவாகிவிடுகிறது. எதிரெதிர்த் துளைகள் அரை மி.மீ. விலகினால் கழுத்து அந்த அளவுக்கு விலகியே ஒட்டும். துளையிடும் நிலைக்கருவி இல்லாமல் கையால் துளை போடுபவர்கள் இதில் இறங்காமல் இருப்பது நல்லது.

போல்ட் முறையில் அந்தப் பிடிவாதம் இல்லை. முதல் வாத்தியத்துக்கு இதையே பரிந்துரைக்கலாம். உள்கட்டையில் ஒரு துளை. அதன் வழியாக உள்ளிருந்து வரும் 6 மி.மீ. ஆலன் போல்ட், ஹீலுக்குள் அதைப் பிடித்துக்கொள்ள உலோக மரை. இவ்வளவுதான்.

சிக்கல் அந்த மரையில் இருக்கிறது. வெளிப்புறம் மரத்தைக் கடிக்கும் திருகுமரை வெட்டிய பித்தளைச் செருகியை நேராக ஹீலின் வெட்டுமுனையில் திருகினால், அதன் பற்கள் இழைகளைக் குறுக்கே அறுத்து மாவாக்கிவிடும். முதல் நாள் இறுக்கமாகத் தெரியும். நாலைந்து முறை கழற்றி மாட்டியதும் செருகி அப்படியே உருவிக்கொண்டு வரும். மாற்று இது: விரல்பலகையை (கழுத்தின் மேல் ஒட்டும், தந்திகளை விரலால் அழுத்தும் பலகை) ஒட்டும் முன்பு, கழுத்தின் மேல்தளத்திலிருந்து ஹீலுக்குள் செங்குத்தாக 12 மி.மீ. துளை இறக்குங்கள். ஹீலின் அடிவிளிம்புக்கு 6 மி.மீ. முன்பே நிறுத்திவிட வேண்டும். அதில் கடினமான மரத்தாலான உருளையைப் பசையிட்டு அடித்து விடுங்கள். இந்த உருளையின் இழை மேலும் கீழுமாக ஓடுகிறது. இப்போது செருகி வெட்டுமுனையைக் கடிப்பதில்லை, இழையின் பக்கவாட்டைக் கடிக்கிறது. மேலே தெரியும் துளைவாயை விரல்பலகை மூடிவிடும்.

மரச்சாமான்களில் வரும் உருளை மரை இன்னும் உறுதியானது. 10 மி.மீ. விட்டமுள்ள உலோக உருளை, நடுவில் குறுக்கே மரைத்துளை. இதையும் மேலிருந்து செங்குத்துத் துளையில் இறக்கி, போல்ட் வரும் உயரத்துக்கு நேராகத் திருப்பி வைக்க வேண்டும். விரல்பலகையை ஒட்டிய பிறகு இது சுழன்றுவிட்டால் எட்டித் தொட வழியே கிடையாது. எனவே போல்ட்டை மாட்டிப் பார்த்து, நேராக இருக்கும்போதே மேலே மிச்சமுள்ள துளையில் ஒரு மரக்கட்டையை எபாக்சி பசையால் அடைத்துவிடுங்கள். எபாக்சி போல்ட்டில் ஒட்டாமலிருக்க அதன் மரையில் மெழுகு தடவியிருக்க வேண்டும். மறந்தால் கழுத்தை உடைத்துத்தான் போல்ட்டை எடுக்க முடியும்.

துளைகளின் இடத்தை அளந்து குறிப்பதைவிட மாற்றிக் குறிப்பதே நம்பகமானது. முதலில் உள்கட்டையின் நடுக்கோட்டில், மேல்விளிம்பிலிருந்து 25 முதல் 30 மி.மீ. கீழே, 6 மி.மீ. துளை போடுங்கள். கழுத்தை உரிய இடத்தில் பிடித்து, உள்ளிருந்து கூர்முனைக் கம்பியால் ஹீலில் ஒரு புள்ளி குத்துங்கள். அந்தப் புள்ளியில் ஹீலின் துளை. அதன்பின் உள்கட்டைத் துளையை 7.5 மி.மீ.க்குப் பெரிதாக்கி, போல்ட் தலைக்கடியில் அகலமான வாஷர் போடுங்கள். இந்தச் சிறு தளர்ச்சிதான் கழுத்தை அரை மி.மீ. அப்படி இப்படி நகர்த்திப் பார்க்க இடம் தருகிறது.

சோப்ரானோவின் ஒலித்துளை 50 மி.மீ. சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கும், கை நுழையாது. இரண்டு விரல்களும், முனை உருண்டையான ஆலன் சாவியும் கொண்டு வேலையை முடிக்க வேண்டும். சிலர் வாலடியில் பட்டை மாட்டும் பொத்தானுக்கான துளையை முதலிலேயே போட்டு, அதன் வழியே நீண்ட ஆலன் சாவியை நேராகச் செலுத்துகிறார்கள். நல்ல யோசனைதான். இறுக்கும்போது விரல் பலத்தில் நிற்கும்வரை திருகி, அதற்கு மேல் கால் சுற்று போதும். மேலும் இறுக்கினால் உள்கட்டை நசுங்குமே தவிர இணைப்பு வலுவாகாது.

போல்ட் ஒன்றே இருந்தால் கழுத்து அதைச் சுற்றிச் சுழலாதா என்று கேட்கலாம். டெனரில் விரல்பலகையின் நாக்கு மேற்பலகை மீது ஒட்டப்படுவதால் சுழலாது. பழைய பாணி சோப்ரானோவில் 12 ஃப்ரெட்டோடு (விரல்பலகையில் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பிகள்) விரல்பலகை உடலின் விளிம்பிலேயே முடிந்துவிடும், நாக்கு கிடையாது. அங்கே போல்ட்டுக்குக் கீழே ஒரு சின்ன முளை வைக்கலாம், அல்லது முகத்தில் கொஞ்சம் பசையும் தடவலாம்.

ஸ்பானிஷ் ஹீல்

இதில் ஹீலும் உள்கட்டையும் இரண்டல்ல, ஒன்றே. கழுத்து உடலுக்குள்ளும் 20 மி.மீ. அளவு நீண்டு பாதம்போல முடியும். உடல் தொடங்கும் கோட்டில் இருபுறமும் ரம்பத்தால் வெட்டிய காடிகளில் பக்கப் பட்டைகளின் முனைகள் செருகப்படும். கிளாசிக்கல் கிட்டாரின் வழக்கம் இது. 1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்க்ராக் கப்பலில் மடெய்ராத் தீவிலிருந்து ஹொனலூலு வந்து இறங்கிய மனுவேல் நூனெஸ், அகுஸ்தோ தியாஸ், ஜொசே தோ எஸ்பீரித்து சாந்து ஆகிய மரவேலைக்காரர்கள் கொண்டுவந்த ஐபீரியச் சிறு வாத்திய மரபிலிருந்துதான் யுகுலேலே பிறந்தது. அந்த வகையில் இது யுகுலேலேக்கு அயலானதும் அல்ல.

வேலையின் வரிசையே இதில் தலைகீழ். மற்ற முறைகளில் பெட்டியை முடித்துவிட்டுக் கழுத்தை மாட்டுகிறோம். இங்கே கழுத்திலிருந்து தொடங்கிப் பெட்டியை அதைச் சுற்றிக் கட்டுகிறோம். தட்டையான வேலைப்பலகையில் மேற்பலகையை முகம் கீழாக வைத்து, கழுத்தின் நடுக்கோட்டையும் மேற்பலகையின் நடுக்கோட்டையும் ஒன்றாக்கி, பாதத்தை மேற்பலகையோடு ஒட்டுவது முதல் படி. பிறகு பக்கங்கள், கடைசியில் பின்பலகை. கழுத்தின் சாய்வை வேலைப்பலகையே முடிவுசெய்கிறது.

காடியை ஹீலைச் செதுக்கும் முன்பே, கட்டை சதுரமாக இருக்கும்போதே வெட்ட வேண்டும். செதுக்கிய பிறகு ரம்பத்துக்குச் சாய்மானம் கிடைக்காது. பக்கப் பட்டை 1.8 மி.மீ. தடிமன் என்றால் காடி 2 மி.மீ.; பசையின் ஈரத்தில் பட்டை லேசாக ஊதும் என்பதால்தான் இந்த இடைவெளி. உலர்ந்த நிலையில் மிக இறுக்கமாகப் பொருந்தும் காடிதான் ஆபத்தானது. பசை தடவியதும் பட்டை பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. தளர்வான காடியைச் சமாளிக்கலாம்: உட்புறத்தில் மெல்லிய ஆப்பைச் செருகினால் பட்டை வெளிப்பக்கச் சுவரோடு ஒட்டி நிற்கும், இடைவெளி கண்ணில் படாது. அனுபவசாலிகளில் சிலர் வேண்டுமென்றே அகலமாக வெட்டி, எப்போதும் ஆப்பு வைத்தே முடிக்கிறார்கள்.

ஸ்பானிஷ் ஹீலின் அழகு, ஹீலுக்கும் உடலுக்கும் இடையே முட்டுக்கோடு பொருத்தும் வேலையே இல்லாதது. விலை என்னவென்றால், கழுத்து இனி ஒருபோதும் கழலாது. மெருகு பூசும்போதும் கழுத்து கூடவே இருக்கும். ஹீல் ஓரத்து மூலைகளில் உப்புத்தாள் தேய்ப்பது சலிப்பான வேலை. இந்த முறையில்தான் ஒலி நன்றாக வரும் என்றொரு நம்பிக்கை உண்டு. மேற்பலகையின் தடிமனிலும் உள்விட்டங்களிலும் வரும் வித்தியாசத்தின் முன் அது காதில் விழக்கூடியது என்று சொல்வது கடினம். இணைப்பு இறுக்கமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

டவ்டெயிலும் மற்றவையும்

ஹீலின் முகத்தில் புறாவால் வடிவத்தில் விரியும் நாக்கு. உள்கட்டையில் அதே வடிவக் காடி. இரண்டும் கீழே போகப்போகக் குறுகும். மேலிருந்து இறக்கினால் கடைசி 2, 3 மி.மீ.யில் ஆப்புபோல இறுகி, கழுத்தைத் தானாகவே உடலோடு இழுத்துக்கொள்ளும். சரியாகப் பொருந்திய டவ்டெயில் பசை இல்லாமலே தந்தி இழுவையைத் தாங்கும். பல பத்தாண்டுகள் கழித்து நீராவி செலுத்திக் கழற்றவும் முடியும். உலோகத் தந்தி கிட்டாருக்கு அந்த வசதி உயிர்நாடி, ஏனென்றால் 70 கிலோ இழுவையில் உடலே மெதுவாக மடங்கும். யுகுலேலேக்கு அப்படிப்பட்ட மறுசீரமைப்பு வாழ்நாளில் தேவைப்படாமலே போகலாம். வார்ப்புச்சட்டமும் மரம் குடையும் ரௌட்டர் இயந்திரமும் வைத்துப் பத்து வாத்தியம் செய்பவருக்கு டவ்டெயில் லாபம். ஒன்றே ஒன்று செய்பவருக்கு, சாய்வைத் திருத்த ஹீலின் முகத்தைத் தேய்த்தால் நாக்கு தளரும், நாக்குக்கு மெல்லிய மரச்சீவல் ஒட்டினால் சாய்வு மாறும் என்று முடிவில்லாத இழுபறி.

நேரான நாக்கும் நேரான காடியும் கொண்ட மார்ட்டிஸ்-டெனன் இதற்கும் போல்ட் முறைக்கும் நடுவில் நிற்கிறது. நாக்கு பக்கவாட்டுச் சுழற்சியைத் தடுக்க, போல்ட் இழுத்துப் பிடிக்கிறது. நாக்கைத் தனித் துண்டாகச் செய்து இரு பக்கமும் காடியில் ஒட்டுவதும் உண்டு. பாஞ்சோவின் வட்ட உடலும் யுகுலேலேயின் கழுத்தும் கொண்ட பாஞ்சோலேலியில் கதை வேறு: கழுத்திலிருந்து ஒரு கம்பு வட்டச் சட்டத்தின் குறுக்கே மறுகோடிவரை போய்த் திருகாணியால் பிடிக்கப்படும். சுருட்டுப் பெட்டி யுகுலேலேயிலும் கழுத்து பெட்டிக்குள் ஊடுருவிப் போகும். அங்கே இணைப்பு என்ற கேள்வியே எழுவதில்லை.

சாய்வைப் பொருத்துதல்

எந்த முறையானாலும் வேலையின் பாதி நேரம் இங்கேதான் போகும், போகவும் வேண்டும். 345 மி.மீ. தந்தி நீளமுள்ள, 12ஆம் ஃப்ரெட்டில் உடலோடு சேரும் சோப்ரானோவை எடுத்துக்கொள்வோம். உடல் விளிம்பிலிருந்து சாடில் (மேற்பலகை மேல் ஒட்டும் பிரிட்ஜ் என்னும் கட்டையில் தந்திகளைத் தாங்கும் பட்டை) வரை 172.5 மி.மீ. ஹீலின் உயரம் 45 மி.மீ. இணைப்பின் அடிப்பக்கத்தில் 0.3 மி.மீ., அதாவது ஒரு விசிட்டிங் கார்டு அளவுக்கு, இடைவெளி தங்கிவிட்டது என்று வையுங்கள். கழுத்து முன்னோக்கிச் சாயும். 0.3ஐ 45 ஆல் வகுத்து 172.5 ஆல் பெருக்கினால் சாடில் இருக்கும் இடத்தில் 1.15 மி.மீ. பிழை. சாடில் மொத்தமே பிரிட்ஜுக்கு மேல் 2, 3 மி.மீ.தான் நிற்கும் என்பதால், அதில் பாதிக்கு நெருங்கிய பகுதி ஒரு அட்டைத் தடிமனில் போய்விடுகிறது.

சோதிக்கும் விதம்: பிரிட்ஜை ஒட்டும் முன், கழுத்தை மாட்டி, நேரான எஃகு அளவுகோலை ஃப்ரெட்டுகளின் மேல் படுக்க வைத்துச் சாடில் வரும் இடம்வரை நீட்டுங்கள். அங்கே அளவுகோலின் அடிக்கும் மேற்பலகைக்கும் உள்ள உயரத்தை அளக்கவும். விரல்பலகை 5 மி.மீ., ஃப்ரெட் 1 மி.மீ., சாய்வு பூஜ்யம் என்றால் 6 மி.மீ. வரும். 12ஆம் ஃப்ரெட்டில் தந்தி உயரம் 2.5 மி.மீ. வேண்டுமானால், சாடிலின் உச்சி இந்த அளவைவிட அதன் இரு மடங்குக்குச் சற்றே குறைவாக, சுமார் 4.5 மி.மீ. மேலே இருக்க வேண்டும், மொத்தம் 10.5 மி.மீ. அதற்கேற்ற பிரிட்ஜ் 7.5 மி.மீ. உயரம். அளவுகோல் 5.5க்கும் 7க்கும் இடையில் நின்றால் பிரிட்ஜின் உயரத்தைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கலாம். 5க்குக் கீழே போனால் ஹீலின் அடிப்பக்க முகத்தைத் தேய்த்துக் கழுத்தைப் பின்னுக்குச் சாய்க்க வேண்டும்.

பக்கவாட்டுக்கும் இதே கணக்கு. நூலை நட்டின் (கழுத்தின் தலைப்பக்க முனையில் தந்திகளைத் தாங்கும் பட்டை) நடுவிலிருந்து மேற்பலகையின் நடுக்கோட்டின் மேல் இழுத்துப் பிடியுங்கள். 50 மி.மீ. அகலமுள்ள முகத்தில் ஒரு ஓரம் 0.2 மி.மீ. கூடுதலாக இருந்தாலே நட் 0.7 மி.மீ. ஒதுங்கும். அதன் விளைவு பிரிட்ஜில் தெரியும்: ஓரத் தந்தி விரல்பலகை விளிம்பை விட்டு வழுக்கிப் போகும்.

தேய்க்க எளிய உபாயம் உண்டு. முதலில் ஹீல் முகத்தின் நடுவை உளியால் லேசாகக் குழித்து, ஓரங்களில் 3 மி.மீ. வரம்பை மட்டும் விட்டுவையுங்கள். பசையை மட்டும் நம்பும் இணைப்பில் குழியை மிகச் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உப்புத்தாள் பட்டை ஒன்றை, சொரசொரப்பு ஹீலைப் பார்க்க, ஹீலுக்கும் உடலுக்கும் இடையில் வைத்து, கழுத்தை அழுத்திப் பிடித்தபடி பட்டையை வெளியே இழுங்கள். 150ஆம் எண் தாளில் தொடங்கி 220இல் முடிக்கலாம். இடம் மூன்று இழுப்பு, வலம் மூன்று இழுப்பு, மறுபடி அளவுகோல். உடலின் வளைவையே தாள் ஹீலில் பதிப்பதால் முட்டுக்கோடு முடி நுழையாமல் பொருந்தும். இரு கன்னங்களையும் சமமாக எண்ணித் தேய்க்காதவர்கள் சாய்வைச் சரிசெய்யப் போய் நேர்த்தியைக் கெடுத்துக்கொள்வார்கள்.

ஒட்டும் நாள்

மெருகின் மேல் பசை பிடிக்காது. எனவே இணைப்பு வரும் இடங்களில் மெருகு பூசுமுன் ஒட்டுநாடா ஒட்டி மறைத்திருக்க வேண்டும். நாடாவின் விளிம்பு ஹீலின் கோட்டுக்கு 1 மி.மீ. உள்ளே இருக்கட்டும். சாதாரண வெள்ளை மரப்பசை தொடர்ந்த இழுவையிலும் கார் வெப்பத்திலும் மெல்ல நகரக்கூடியது. வாத்தியக்காரர்கள் விரும்பும் மஞ்சள் பசை அதைவிடக் கெட்டியாக உறைகிறது, சூடாக்கினால் இளகவும் செய்கிறது. எபாக்சி இடைவெளியை நிரப்பும். ஆனால் அதை நம்பித் தளர்வாகப் பொருத்துவது சோம்பல்.

பசையிட்ட இணைப்பை ஒரு மணி நேரம் இறுக்கியில் வைத்து, தந்தி மாட்டும் முன் 24 மணி நேரம் விடுங்கள். டெனரில் விரல்பலகை நாக்கை மேற்பலகையோடு அழுத்தும்போது உள்ளே, அதற்கு நேர்கீழே ஒரு முட்டுக்கட்டை வைக்க மறந்தால் மேற்பலகையில் பள்ளம் விழும். தந்தி மாட்டி முழுச் சுருதிக்கு ஏற்றிய பின், ஹீலின் அடியில் ஒரு சிகரெட் தாளை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் போல்ட்டைக் கால் சுற்று இறுக்கி, ஒரு வாரம் கழித்து மறுபடி அதே தாளைக் கொண்டு பாருங்கள்.